கையசைவில் ஒளிந்திருக்கும் ஆட்டங்கள்

பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டை வழியாக ஆத்தூர் போகும் வழியில், எந்த ஊர் டீக்கடையிலும் ‘பிஜிஎம்ஐ’ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் போனில் ஆடும் இளைஞர்களைப் பார்க்கலாம். சிலர் குறிபார்க்கத் திரையை விரலால் இழுப்பதில்லை. போனையே இம்மியளவு சாய்க்கிறார்கள். துப்பாக்கி முனையும் கூடவே நகர்கிறது. இதைத்தான் ‘கைரோ’ என்கிறார்கள். அசைவை உணரும் விளையாட்டுக் கருவி வாங்க இனிமேல் யாரும் பட்டணம் போக வேண்டியதில்லை. அது ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கிறது. அதை வைத்து இதைவிடப் புதிதாக என்ன ஆடலாம் என்பதுதான் கேள்வி.

அசைவை உணரப் போனுக்குள் பெரும்பாலும் இருப்பவை இரண்டு உணரிகள். ஒன்று முடுக்கமானி. சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று மெல்லிய இழைகளில் தொங்குகிறது. பஸ் சட்டென்று கிளம்பும்போது நிற்பவர்கள் பின்னால் சாய்வதுபோல, போன் நகரும்போது இந்த எடை பின்தங்கும். அருகிலுள்ள தகடுகளோடு அதற்கிருக்கும் இடைவெளி மாறுவதால் மின்தேக்குத்திறன் மாறும். அதிலிருந்து முடுக்கம் கணக்கிடப்படுகிறது. மற்றொன்று கைரோஸ்கோப். அதிலுள்ள எடை ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். போனைத் திருப்பினால் கொரியாலிஸ் விளைவு அதைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலை அளந்தால் சுழற்சியின் வேகம் தெரிந்துவிடும்.

இரண்டுக்குமே தெரியாத ஒன்று உண்டு: கை எந்த இடத்தில் இருக்கிறது என்பது. முடுக்கத்தை இருமுறை தொகையிட்டு இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், பிழையும் சேர்ந்து பெருகும். அளவில் நிலையாக 0.1 மீ/வி² தவறு இருந்தாலே, 10 நொடியில் கை 5 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கணக்கு சொல்லும்.

இந்த வகை ஆட்டங்களின் வெற்றியும் தோல்வியும் இங்கேதான் முடிவாகின்றன. 2006இல் நிண்டெண்டோ கொண்டுவந்த ‘வீ’ விளையாட்டுக் கருவி 10 கோடிக்கு மேல் விற்றது. அதன் டென்னிசில் பேரனும் பாட்டியும் சமமாக ஆட முடிந்தது. ஆனால் அதன் ரிமோட்டில் அசைவை அளக்க இருந்தது முடுக்கமானி மட்டும்தான். கையை முழுவதும் வீசினாலும் மணிக்கட்டை லேசாக உதறினாலும் பந்து பறந்தது. விஷயம் புரிந்தவர்கள் உட்கார்ந்தபடியே ஜெயித்தார்கள். அசைவு வெறும் பட்டனாகிவிட்டது. 2009இல் துணைக்கருவியாகக் கைரோஸ்கோப் சேர்ந்தது. 2011இல் வந்த ‘ஸ்கைவர்ட் சோர்ட்’ ஆட்டம் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. எதிரி மறிக்கும் திசையைப் பார்த்து, அவன் திறந்துவிட்ட பக்கத்தில் வாளை வீச வேண்டும். எந்தப் பக்கமாக வெட்டுகிறோம் என்பதே அங்கே ஆட்டம்.

கையில் எதுவுமே வேண்டாம் என்று 2010இல் வந்தது மைக்ரோசாஃப்டின் கினெக்ட். அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் தூவி, ஆழம் அளந்து, உடலையே படித்தது. ஆனால் ஆடுவதற்குச் சுமார் 2 மீட்டர் வெற்றிடம் கேட்டது. 2017இல் அதன் உற்பத்தி நின்றது.

இவை எல்லாவற்றையும்விட நமக்குப் பொருத்தமான ஆட்டத்துக்கு டிவியே தேவையில்லை. டக் வில்சன் டென்மார்க்கில் தன் குழுவோடு உருவாக்கி, 2014இல் வெளியான ‘யோஹான் செபாஸ்டியன் ஜவுஸ்ட்’ அது. ஒவ்வொருவர் கையிலும் பிளேஸ்டேஷன் மூவ் கருவி. பின்னணியில் இசையமைப்பாளர் பாக்கின் இசை. இசை மெதுவாகும்போது கருவி சற்றுக் குலுங்கினாலும் அவுட். வேகமானால் பாய்ந்து ஓடி, அடுத்தவர் கையைத் தட்டிவிடலாம். கடைசியில் மிஞ்சுபவரே வென்றவர். கை எங்கே இருக்கிறது என்று கருவியை யாரும் கேட்கவில்லை. அதற்கு நன்றாகத் தெரிந்த ஒன்றான குலுக்கலை மட்டுமே கேட்டார்கள்.

இதையே போனைக் கையில் பிடித்து, பறையடிக்கு ஆடிப் பாருங்கள். அடி மெல்ல விழும்போது சிலையாக நிற்க வேண்டும். துள்ளல் அடி வந்தால் பாயலாம். விலை குறைந்த போன்கள் சிலவற்றில் கைரோஸ்கோப் இருக்காது. ஆனால் முடுக்கமானி அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. இந்த ஆட்டத்துக்கு அது போதும்.

கம்பு சுழற்றும் சிலம்பத்தை ஆட்டமாக்கினால் அதற்குக் கைரோஸ்கோப் வேண்டும். அரை மீட்டர் ஆரத்தில் நொடிக்கு இரண்டு சுற்று என்று வைத்துக்கொண்டால், மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பைப் போல 8 மடங்கு. 3 மடங்குவரை அளக்க வடிவமைத்த ‘வீ’ ரிமோட் அங்கே திணறிவிடும். ஆனால் சுழற்சி நொடிக்கு 720 பாகைதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எம்பியூ-6050 என்ற சில்லு 2,000 பாகைவரை அளக்கும். கம்பின் நடுவில் அதை ப்ளூடூத் உள்ள சிறு மின்பலகையோடு சேர்த்து இறுகக் கட்டி, அளவுகளைக் கணினிக்கு அனுப்பினால் சுற்றின் வேகம், சீர், தடுமாற்றம் மூன்றுக்கும் மதிப்பெண் போடலாம். போனையே கம்பில் கட்ட வேண்டாம். கழன்றால் யார் நெற்றியிலாவது படும்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. மைதானத்துக்குப் போன அந்தக் கம்பு கணினி விளையாட்டுக்குள்ளும் வரலாம். வேப்பந்தட்டை அரசு கலை அறிவியல் கல்லூரி மாணவர்களும் சுற்றுவட்டார பொறியியல் மாணவர்களும் அடுத்த புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும்போது பறையாட்டம், சிலம்பம் இரண்டில் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். உணரிக்கு எது தெரியுமோ அதைச் சுற்றி விதியை அமையுங்கள். ஆட்டம் தானாகச் சூடுபிடிக்கும்.