பொத்தான்களில் ஒரு மோகனம்

வீட்டுப் பரணிலோ மேசை இழுப்பறையிலோ பழைய பொத்தான் கைபேசி ஒன்று கிடந்தால் அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அது 1999-ல் வெளிவந்த நோக்கியா 3210 ஆகவோ, 2000-ல் வந்த 3310 ஆகவோ இருந்தால் இன்னும் நல்லது. பாட்டரியில் உயிர் இருக்குமானால், ஒலியியல் பாடம் ஒன்றை அதை வைத்தே படித்துவிடலாம்.

இன்றைய கைபேசியில் ரிங்டோன் மாற்றுவது எளிது. பிடித்த பாட்டின் பதிவைத் தேர்ந்தெடுத்தால் போதும். அந்தப் பழைய கருவிகளுக்கோ பாட்டின் பதிவை ஏற்கும் வசதி கிடையாது. ஆயினும் நாம் விரும்பிய மெட்டை அவை ஒலித்தன. எப்படி?

அழைப்பு வரும்போது ஒலிப்பது, நாம் காதில் வைத்துக் கேட்கும் ஒலிபெருக்கி அன்று. அதற்கென்று ‘பஸ்ஸர்’ என்னும் தனி உறுப்பு உண்டு. ஒரு சிறு மின்காந்தம், அதன் முன்னே மெல்லிய தகடு, அவ்வளவுதான். மின்னோட்டம் பாயும்போது தகடு இழுபடும், நிற்கும்போது விடுபடும். நொடிக்கு 880 முறை இப்படி இழுத்து விட்டால் 880 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள சுரம் கேட்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான். தாழ்ந்த சுரங்களில் அத்தனை சிறிய தகட்டால் போதிய காற்றை அசைக்க முடியாது. நம் செவி 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளுக்கே மிகவும் கூர்மையாக இருக்கிறது. அக்காலத்து ரிங்டோன்கள் எல்லாம் கீச்சுக் குரலில் ஒலித்ததில் வியப்பில்லை.

ஆகவே கைபேசிக்குத் தேவைப்பட்டவை இரண்டே செய்திகள்: எந்தச் சுரம், எவ்வளவு நேரம். பாட்டை அல்ல, பாட்டின் சுரக்குறிப்பைத்தான் அது சேமித்து வைத்தது. பாட்டு வாத்தியார் நோட்டில் எழுதித் தருவாரே, அதே வேலை!

3310-ல் ‘டோன்ஸ்’ பட்டியலுக்குள் ‘கம்போஸர்’ என்று ஒரு பகுதி உண்டு. அதில் 1 முதல் 7 வரையுள்ள பொத்தான்கள் ஏழு சுரங்கள். 0 என்றால் மௌனம். 8 சுரத்தின் நேரத்தைக் குறைக்கும், 9 கூட்டும். நட்சத்திரக் குறி ஸ்தாயியை மாற்றும். # குறி சுரத்தை அரைப்படி உயர்த்தும். 3-க்கும் 7-க்கும் மட்டும் # வேலை செய்யாது. காரணம் எளிது. அந்தர காந்தாரத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் இடையில் வேறு சுரம் இல்லை. காகலி நிஷாதத்துக்கும் மேல் ஷட்ஜத்துக்கும் இடையிலும் இல்லை. ஆர்மோனியத்தில் அந்த இடங்களில் கறுப்புக் கட்டை இல்லாததைப் பார்த்திருப்பீர்கள்.

1, 2, 3, 4, 5, 6, 7 என்று # இல்லாமல் அழுத்தினால் சங்கராபரணத்தின் சுரங்கள் வரும். 4-ஐ மட்டும் # ஆக்கினால் கல்யாணி. 4-ஐயும் 7-ஐயும் விட்டுவிட்டு 1, 2, 3, 5, 6 என்று அழுத்துங்கள்: மோகனம்!

பயனரே மெட்டை உள்ளிடும் வசதியுடைய முதல் கைபேசி 1996-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. எந்தப் பாட்டுக்கு எந்தப் பொத்தான்கள் என்று எழுதிய புத்தகங்கள்கூட அங்கே அமோகமாக விற்றன. ஃபின்லாந்தில் 1998-ல் ரேடியோலின்யா நிறுவனம் மெட்டுகளைக் குறுஞ்செய்தி வழியாகவே அனுப்பத் தொடங்கியது. ஒரு பாட்டு ஒரு குறுஞ்செய்தியில் எப்படி அடங்கும்? இங்கேதான் கணக்கு சுவையாகிறது.

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 1120 பிட்டுகள். நோக்கியா வகுத்த முறையில் ஒரு சுரத்துக்கு 12 பிட்டுகளே செலவு. ‘வருவது ஒரு சுரம்’ என்று அறிவிக்க 3 பிட்டுகள். எந்தச் சுரம் என்பதற்கு 4. (4 பிட்டுகளால் 16 எண்களைக் குறிக்கலாம், 12 சுரங்களும் மௌனமும் சேர்த்து 13-தானே!) நேரத்துக்கு 3, நேரத்தைச் சற்றே நீட்டுவது போன்ற மாற்றங்களுக்கு 2. ஸ்தாயி மாறும்போது மட்டும் அதைத் தனியே சொன்னால் போதும். முகவரி, தலைப்பு முதலியவை போக ஏறக்குறைய 80 சுரங்களுக்கு இடம் கிடைக்கும். ஒரு பல்லவிக்குத் தாராளம்.

இனி பதிவு செய்த ஒலியைப் பாருங்கள். குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றும் 16 பிட்டுகள். இடம், வலம் என இரு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட்டுகள். 1120-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 1260 வரும். ஒரே ஒரு நொடிப் பாட்டை அனுப்ப 1260 குறுஞ்செய்திகள் வேண்டும்!

இவ்வளவு சிக்கனத்தில் எதுவோ தொலைந்திருக்க வேண்டும் அல்லவா? பாடுபவர் குரல், வீணையின் நாதம் ஆகிய ஒலியின் பண்பு முதலில் போயிற்று. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 1, 1#, 2#, 4, 5, 5#, 6# என்று அழுத்துங்கள். இலக்கணப்படி இவை தோடியின் சுரங்கள். ஆனால் கேட்பவர் எவரும் அதைத் தோடி என்று சொல்லமாட்டார். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, அசைந்துகொண்டே இருக்கும். அந்தக் கமகத்தில் அதிர்வெண் இடைவிடாமல் மாறுகிறது. 12 படிகள் மட்டுமே உள்ள ஏணியில் படிகளுக்கு இடைப்பட்ட இடத்துக்குப் பெயர் கிடையாது. கணிப்பொறிக்காக எதையேனும் எண்ணாக்கும்போதெல்லாம் எதை விடுகிறோம் என்றும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்த 12 படிகளும் சமமானவை. ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் 1.0595 மடங்கு உயரும். 12 படி ஏறினால் சரியாக இரு மடங்கு. ஷட்ஜம் 523.3 ஹெர்ட்ஸ் என்றால் ஏழாம் படியான பஞ்சமம் 784.0. தம்புரா தரும் 3:2 விகிதப்படி அது 784.9, வேறுபாடு அற்பம். காந்தாரத்தில் நிலைமை வேறு. ஏணிப்படி 659.3, 5:4 விகிதப்படி 654.1. தேர்ந்த காது இந்த 5 ஹெர்ட்ஸைப் பொறுத்துக்கொள்ளாது.

2002 வாக்கில் பல சுரங்களைச் சேர்த்தொலிக்கும் கைபேசிகளும், பின்னர் பாட்டையே ஒலிக்கும் கைபேசிகளும் வந்து இந்த வித்தைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. ஆனால் நிலையான அதிர்வெண் தரும் கருவி என்ற முறையில் பழைய கைபேசி இசைக்கவைக்கு நல்ல துணை. ஒரு சோதனை சொல்கிறேன்.

கம்போஸரில் 6-ஐப் பலமுறை அழுத்தி, ஒவ்வொன்றையும் 9-ஆல் முழு நீளத்துக்குக் கூட்டுங்கள். இந்தச் சுரம் ஸ்தாயிக்கு ஏற்ப 440, 880, 1760 ஹெர்ட்ஸ் என ஏதேனும் ஒன்றாக இருக்கும். எது என்பதை அளந்தே கண்டுபிடிக்கலாம். 3 செ.மீ. விட்டமுள்ள, இருபுறமும் திறந்த குழாயை நீருள்ள உயரமான ஜாடியில் செங்குத்தாக அமிழ்த்துங்கள். கைபேசியைக் குழாயின் வாய்க்கு மேலே பிடித்து ஒலிக்கவிட்டு, குழாயை மெல்ல உயர்த்துங்கள். காற்றுத் தம்பத்தின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காகும்போது ஒத்ததிர்வு ஏற்பட்டு ஒலி ஓங்கும். 30 டிகிரி வெப்பநிலையில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர். 880 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 9.9 செ.மீ. முனைத் திருத்தமாக விட்டத்தில் 0.3 பங்கைக் கழித்தால் 9 செ.மீ. அதே வழியில் 440-க்கு ஏறக்குறைய 19 செ.மீ., 1760-க்கு 4 செ.மீ.

ஒரு எச்சரிக்கை. 880 ஹெர்ட்ஸில் 9 செ.மீ.க்கு முன்பே, 2.4 செ.மீ. அருகில் ஒலி சற்று ஓங்கக் கூடும். பஸ்ஸரின் தகடு ஊசலைப் போல இதமாக ஆடுவதில்லை, வெடுக்வெடுக்கென்று இழுபடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, 2640 ஹெர்ட்ஸுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.