கடற்படை அதிகாரிப் பயிற்சி: செலவும் கொள்ளளவும்

கடல்சூழ்ந்த நாடொன்று கப்பலை விலைகொடுத்துச் சில திங்களில் வாங்கிவிடலாம். அக்கப்பலைச் செலுத்தவல்ல அதிகாரியை அவ்வாறு வாங்குதல் இயலாது. பள்ளிப் படிப்பை முடித்த இளைஞன் ஒருவன் கடலிற் பொறுப்பேற்கும் தகுதியெய்தப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே, இப்பயிற்சிக்கு ஆகும் செலவு யாது, ஆண்டொன்றில் எத்தனை பேரைப் பயிற்றலாம் என்னும் வினாக்கள் இரண்டையும் ஒருங்கே ஆராய்தல் பொருத்தமாகும்.

செலவு நால்வகைப்படும். பயிலிளவல்களின் உணவு, உடை, உறையுள், நூல்கள் என்பவற்றுக்காவது முதலாவது. ஆசிரியர்க்காவது இரண்டாவது, அவர்கள் கப்பற்பணியினின்றும் விடுவிக்கப்பட்ட அனுபவமிக்க அதிகாரிகளாதலின், அவர்தம் சேவையைக் கப்பல்கள் இழத்தலும் செலவேயாம். கப்பலின் எரிபொருள், பழுதுபார்த்தல், தேய்மானம் என்பன மூன்றாவது. பயிற்சியை நிறைவுசெய்யாது இடையில் நீங்குவோர் பொருட்டுச் செலவானது நான்காவது.

கொள்ளளவை வரையறுப்பது வகுப்பறையன்று, கப்பலிலுள்ள இடமே. உதாரணமாக, பயிற்சிக் கப்பலொன்றில் 20 மாணவர்க்கு இடமுண்டெனவும், ஒவ்வொருவரும் 6 திங்கள் கடலிற் பயிலவேண்டுமெனவும் கொள்வோம். கரையிலே 100 பேருக்கு மண்டபம் அமைப்பினும், ஆண்டுக்கு 40 பேரே பயிற்சி பெறுவர். இனி மறுபுறத்தையும் நோக்குவோம். 200 அதிகாரிகளையுடைய சிறு படையில் ஒவ்வொருவரும் 20 ஆண்டு சேவை செய்வராயின், ஆண்டுதோறும் புதிதாக வேண்டப்படுவோர் 10 பேர் மட்டுமே. அச்சிறு தொகையினர்க்கெனத் தனிக் கல்லூரியும் கப்பலும் வைத்திருப்பின், தலைக்காகும் செலவு மிகப் பெருகும். சிறு நாடுகள் தம் இளைஞரைப் பிறநாட்டுக் கல்லூரிகளுக்கு அனுப்புதற்கு இது முதன்மையான காரணமாகும்.

இலங்கையும் இவ்வழியையே முதலில் மேற்கொண்டது. 1950 டிசெம்பரில் நிறுவப்பெற்ற கடற்படை, தன் பயிலிளவல்களை இங்கிலாந்தின் டாட்மத் கல்லூரிக்கு அனுப்பிற்று. 1962 ஆம் ஆண்டு ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியின் பின்னர் அப்படை அரசின் நம்பிக்கையை இழந்தது. ஆட்சேர்ப்பும் பிரித்தானியப் பயிற்சியும் தடைப்பட்டன. 1967 இல் திருகோணமலையிற் கடற்படைக் கல்விக்கழகம் தோன்றிற்று. எனினும், 1971 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி எழுந்தபோது கடற்படை போதிய ஆயத்தமின்றியே இருந்தது. பயிற்றாது விட்ட ஆண்டுகளிற் பணம் மிஞ்சியிருக்கலாம். அவ்வாண்டுகளிற் பயின்றிருக்கவேண்டிய அதிகாரிகளைப் பின்னர் எப்பணத்தாலும் பெறமுடியவில்லை.

கடற்கல்வியின் செலவைத் தாங்குதற்கு வேறொரு முறையும் உண்டென்பதற்கு நம் குடாநாடே சான்று பகரும். வல்வெட்டித்துறையின் வணிகக் கப்பல்களில் இளைஞர்கள் சிறுவயதிலேயே பணிக்கமர்ந்து, தண்டையலின் கீழ்க் காற்றையும் நீரோட்டத்தையும் விண்மீன்களையும் அறிந்துகொண்டனர். ஏற்றிச்சென்ற சரக்கின் கூலியே கல்விச் செலவையும் ஈடுசெய்தது. அவ்வூரிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் இருபாய்மரக் கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கியபின், வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர். இது அக்கல்வியின் தரத்தை நன்கு புலப்படுத்தும்.

பீரங்கி, இயந்திரம், கடற்சட்டம் ஆகிய துறைகளை இம்முறை கற்பித்திலது. ஆதலின் இது கடற்படைக் கல்லூரிக்கு ஈடாகாது. ஆயினும், கடலறிவு கடலிலேயே பெறப்படுவது என்னும் உண்மை இரண்டிற்கும் பொதுவானது. பாய்க்கப்பல் வணிகம் அற்றுப்போனபோது, எவரும் மூடாமலே அப்பள்ளியும் மூடப்பட்டது. கற்பித்த தலைமுறை மறைந்தபின் அதனை மீளத் திறத்தல் அரிது. கடற்பயிற்சிக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவைக் கணக்கிடுவோர், அதனை நிறுத்துவதால் நேரும் இழப்பையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.