கருப்பை வாய் குறுகினால்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையாருக்குக் கருப்பை வாயில் அறுவை செய்தேன். பின்னாளில் புற்றாக மாறக்கூடிய திசுவைக் கூம்பு வடிவில் வெட்டி எடுக்கும் சிகிச்சை அது. புண் ஆறிற்று, வீடு திரும்பினார். அதன்பின் மூன்று மாதம் அவருக்கு மாதவிலக்கு வரவில்லை. ஆனால், மாதந்தோறும் அடிவயிற்றில் கடும் வலி எடுத்தது. "நோயோடு விலக்கும் நின்றது நல்லதுதான்" என்று வீட்டார் கூற, அவரும் பொறுத்திருந்தார். இவ்வாறு நேரக்கூடும் என முன்னரே சொல்லாதது என் பிழை. ஆகவேதான் இன்று இதைப்பற்றிப் பேச முற்பட்டேன்.

கருப்பையின் கழுத்து ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமுடையது. அதன் நடுவேயுள்ள குறுகிய வழியாகவே உதிரம் வெளியேறுகிறது. கத்தியாலோ மின்கம்பி வளையத்தாலோ அங்கே திசுவை நீக்கினால், புண் ஆறித் தழும்பாகும். சுருங்குவது தழும்பின் இயல்பு. அதனால் சிலருக்கு வழி குறுகும். ஒரு சிலருக்கு அடைபட்டே போகும். உதிரம் உள்ளே தேங்கிக் கருப்பை வீங்கும். கருத்தரிப்பதும் கடினமாகலாம். விலக்கு நின்ற மூதாட்டியருக்குச் சீழ் கட்டுவதும் உண்டு; அவர்களுக்குப் புற்றுநோய் இல்லை என்பதையும் சோதித்து அறிதல் வேண்டும்.

விலக்கு வராதபோது முதலில் கர்ப்பமில்லை என உறுதிசெய்கிறோம். பின்பு, ஸ்கேன் படத்தில் தேங்கிய உதிரம் தெரியும். சிகிச்சை எளிய தத்துவமுடையது. ஹேகார் என்னும் ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் வழங்கும் உலோகக் கோல்கள் உள்ளன. ஒன்றைவிட ஒன்று சற்றே பருத்தவை. மயக்க மருந்து கொடுத்து, மெல்லியதில் தொடங்கி, ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் செலுத்தி வழியை விரிக்கிறோம். இங்கே பலத்துக்கு இடமில்லை. அவசரப்பட்டால் கோல் தவறான வழியில் சென்று கருப்பையைத் துளைத்துவிடும். விரித்த வழி மீண்டும் சுருங்குவதும் உண்டு. அதைத் தடுக்கச் சிலருக்கு மெல்லிய குழாயொன்றைச் சிறிது காலம் உள்ளே வைப்பதும் வழக்கம்.

தொல்லை ஏதும் தராத சுருக்கத்துக்குச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஆயினும், பின்னாளில் புற்றுநோய்ச் சோதனைக்கு அங்கிருந்து திசுவெடுப்பது கடினமாகலாம் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

அந்த அம்மையாருக்கு வழி திறந்ததும், தேங்கியிருந்த கரிய உதிரம் வடிந்தது; வலியும் தணிந்தது. "முன்பே வந்திருப்பேனே டாக்டரம்மா, தெரியாமல் போயிற்றே" என்றார். அன்றுமுதல், இவ்வறுவைக்கு முன் ஒவ்வொருவரிடமும் நான் சொல்லிவிடுகிறேன்: விலக்கு குறைந்து வலி மிகுந்தால், அது நோய் நீங்கிய அடையாளமன்று, கூச்சம் பாராமல் உடனே வாருங்கள்.