டிசம்பர் 10

டிசம்பர் 10 கிரிகோரியன் ஆண்டின் 344 ஆவது நாளாகும். நெட்டாண்டுகளில் இது 345 ஆவது நாள். ஆண்டு முடிவிற்கு மேலும் 21 நாட்கள் உள்ளன. நோபல் பரிசுகள் வழங்கப்படும் நாளாகவும் மனித உரிமைகள் நாளாகவும் இது அறியப்படுகிறது. இந்நாளில் நிகழ்ந்தவற்றுள் சில தற்செயலாக ஒன்றுகூடியவை. சில, முந்தைய நிகழ்வொன்றின் நினைவாக இந்நாளைத் தெரிந்தெடுத்து நடத்தப்பட்டவை.

நோபல் பரிசு நாள்

டைனமைட்டைக் கண்டுபிடித்த சுவீடன் வேதியியலாளர் ஆல்பிரட் நோபல் 1896 டிசம்பர் 10 அன்று இத்தாலியின் சான் ரெமோ நகரில் காலமானார். அவரது உயிலின்படி நிறுவப்பட்ட பரிசுகள், அவர் இறந்த ஐந்தாம் ஆண்டு நிறைவு நாளான 1901 டிசம்பர் 10 அன்று முதன்முதலாக வழங்கப்பட்டன. பரிசளிப்பு விழாக்கள் அவரது நினைவு நாளிலேயே நடைபெறுவது வழக்கமாயிற்று. அமைதிப் பரிசு நோர்வேயிலும் ஏனைய பரிசுகள் சுவீடனிலும் அளிக்கப்படுகின்றன.

மனித உரிமைகள் நாள்

1948 டிசம்பர் 10 அன்று பாரிஸ் நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, 30 பிரிவுகளைக் கொண்ட உலக மனித உரிமைகள் சாற்றுரையை ஏற்றுக்கொண்டது. 48 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. 8 நாடுகள் நடுநிலை வகித்தன. எதிர்த்து எந்த நாடும் வாக்களிக்கவில்லை. சபையில் விவாதம் நிறைவுற்று வாக்கெடுப்பு நடந்த நாள் இதுவாதலால், நோபல் நினைவு நாளுடன் இது ஒன்றியது தற்செயலே. 1950 இல் பொதுச்சபை, ஆண்டுதோறும் இந்நாளைக் கொண்டாடுமாறு உலக நாடுகளை அழைத்தது.

இதன் பின்னர் இந்நாளே பிற நிகழ்வுகளுக்கும் தெரிந்தெடுக்கப்படலாயிற்று. ஆர்ஜென்டீனாவில் 1976 முதல் நீடித்த இராணுவ ஆட்சி முடிவுற்றபோது, தேர்தலில் வென்ற ராவுல் அல்போன்சின் 1983 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் நாளில் அதிபராகப் பதவியேற்றார்.

நிகழ்வுகள்

* 1898 - பாரிஸ் உடன்பாட்டின் மூலம் அமெரிக்க-ஸ்பானியப் போர் முடிவுக்கு வந்தது.
* 1930 - சி. வி. இராமன் இயற்பியலுக்கான நோபல் பரிசை ஸ்டாக்ஹோமில் பெற்றார்.
* 1941 - இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மலாயாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் மூழ்கடித்தன.
* 1964 - மார்ட்டின் லூதர் கிங் ஒஸ்லோவில் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றார்.
* 2009 - சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

பிறப்புகள்

* 1815 - அடா லவ்லேஸ், கணினி நிரலாக்கத்தின் முன்னோடி (இ. 1852)
* 1830 - எமிலி டிக்கின்சன், அமெரிக்கக் கவிஞர் (இ. 1886)
* 1878 - இராஜகோபாலாச்சாரி, இந்திய அரசியல்வாதி, எழுத்தாளர் (இ. 1972). மனித உரிமைகள் சாற்றுரை ஏற்கப்பட்ட நாள் இவரது 70 ஆவது பிறந்த நாளாகும். அப்போது இவர் இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தார்.
* 1891 - நெல்லி சாக்ஸ், யூதக் கவிஞர் (இ. 1970). நாசி ஆட்சியிலிருந்து தப்பி 1940 இல் சுவீடனில் அடைக்கலம் புகுந்த இவர், அந்நாட்டிலேயே தமது 75 ஆவது பிறந்த நாளன்று இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

இறப்புகள்

* 1896 - ஆல்பிரட் நோபல் (பி. 1833)
* 1936 - லூயிஜி பிரண்டெல்லோ, நோபல் பரிசு பெற்ற இத்தாலிய நாடகாசிரியர் (பி. 1867)
* 2006 - அகஸ்டோ பினோசெட், சிலியின் இராணுவ ஆட்சியாளர் (பி. 1915). மனித உரிமை மீறல்களுக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த இவர், தீர்ப்பு எதுவும் வழங்கப்படுமுன் மனித உரிமைகள் நாளன்றே இறந்தார்.

சிறப்பு நாள்

* மனித உரிமைகள் நாள்
* நோபல் பரிசு வழங்கும் நாள்