வாடகைத் தாய் முறை: முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பதியர் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தனர். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றிக் கூறுகிறேன். கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணிபுரிபவர். மனைவிக்கு முதல் பிரசவத்தின்போது இரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போனதால், உயிரைக் காக்கக் கருப்பையை அகற்ற நேர்ந்தது. குழந்தையும் பிழைக்கவில்லை. "வாடகைத் தாய்க்கு ஆள் பார்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார், டாக்டர். முன்பணத்துக்கு நகையை அடகு வைக்கலாமா?" என்று கணவர் கேட்டார். மனைவி தலை நிமிரவே இல்லை.

இதே கேள்வியோடு இன்னும் பலர் இருக்கக்கூடும். ஆகவே அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

யாருக்கு இம்முறை தேவை?

குழந்தையின்மைக்கான சிகிச்சைகளுள் இது கடைசிப் படி. பிறவியிலேயே கருப்பை இல்லாதவர்கள், புற்றுநோய் போன்ற காரணங்களால் கருப்பை அகற்றப்பட்டவர்கள், காசநோயாலோ திரும்பத் திரும்பக் கருப்பையைச் சுரண்டியதாலோ உட்சுவர் ஒட்டிக்கொண்டவர்கள், சோதனைக்குழாய் முறையில் பலமுறை முயன்றும் கரு தங்காதவர்கள், கருத்தரித்தால் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய இதயநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கே இது பொருந்தும்.

கணவரின் விந்தணுக் குறைபாட்டுக்கு இது தீர்வாகாது. மனைவியின் வயது கூடியதால் கருமுட்டையின் தரம் குறைந்திருந்தாலும், கருப்பையை மாற்றுவதால் மட்டும் அது சரியாகிவிடாது. எனவே முதலில் இருவரும் முழுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மனைவியை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுக் கணவர் வெளியே காத்திருக்கும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

எப்படி நடைபெறுகிறது?

மனைவிக்குச் சுமார் பத்து, பன்னிரண்டு நாட்கள் ஹார்மோன் ஊசி போட்டு, முதிர்ந்த கருமுட்டைகளை மயக்கமருந்து கொடுத்து எடுக்கிறோம். ஆய்வகத்தில் கணவரின் விந்தணுவோடு அவற்றைச் சேர்த்து, உருவாகும் கருவை மூன்று முதல் ஐந்து நாட்கள் வளர்க்கிறோம். மருந்துகளால் உட்சுவர் தயார்செய்யப்பட்ட மற்றொரு பெண்ணின் கருப்பையில் அக்கரு வைக்கப்படுகிறது. குழந்தையின் மரபணு பெற்றோருடையதே. சுமப்பவர் தம் கருமுட்டையைத் தருவதைச் சட்டம் தடைசெய்கிறது.

ஒவ்வொரு முயற்சியும் வெற்றி பெறும் என்று எந்த மருத்துவரும் உறுதி கூற முடியாது. ஒரு பெண்ணிடம் மூன்று முறைக்கு மேல் கருவை வைக்கவும் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம், 2021 என்பது 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது. வழக்கில் உள்ள சொல் 'வாடகை' என்றாலும், வாடகை கொடுப்பதைத்தான் இச்சட்டம் தடுக்கிறது. மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகளில் கூறப்பட்ட பிற செலவுகள் ஆகியவற்றைத் தவிர, சுமப்பவருக்கு வேறு ஊதியம் தரக் கூடாது. வணிக நோக்கில் இதை நடத்துவோருக்கு 10 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக முறையை நாடும் தம்பதியரும் தண்டனைக்கு உள்ளாவார்கள். "ஆள் பார்த்துத் தருகிறேன்" என்பவரிடம் பணம் கொடுப்பது உங்களையும் குற்றத்தில் சிக்க வைக்கும்.

தம்பதியர் திருமணமானவர்களாக இருக்க வேண்டும். மனைவிக்கு 23 முதல் 50 வயதும், கணவருக்கு 26 முதல் 55 வயதும் இருக்க வேண்டும். உயிருடன் வேறு குழந்தை இருக்கக் கூடாது. கடும் நோயோ குறைபாடோ உள்ள குழந்தை இருந்தால் விதிவிலக்கு உண்டு. 35 முதல் 45 வயது வரையுள்ள கைம்பெண்களும் மணவிலக்குப் பெற்ற பெண்களும் விண்ணப்பிக்கலாம். சட்டம் வருவதற்கு முன்பே கருவை உறைநிலையில் வைத்திருந்தவர்களுக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது என 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

சுமக்க முன்வருபவர் மணமானவராகவும், சொந்தக் குழந்தை உள்ளவராகவும், 25 முதல் 35 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே அவர் இதற்கு உதவலாம்.

முதலில் மாவட்ட மருத்துவக் குழுவிடம் மருத்துவக் காரணத்துக்கான சான்று பெற வேண்டும். இணை இயக்குநர் நிலையிலான அதிகாரி தலைமை வகிக்கும் இக்குழுவில், மாவட்டத்தின் தலைமை மகப்பேறு மருத்துவரும் குழந்தைநல மருத்துவரும் இருப்பார்கள். அடுத்து, பெற்றோர் உரிமை குறித்து நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டும். சுமப்பவருக்கு 36 மாதக் காப்பீடும் எடுக்க வேண்டும். இருதரப்புக்கும் தகுதிச் சான்றுகள் கிடைத்த பின்னரே, பதிவு பெற்ற மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கும்.

"நடிகை நயன்தாராவுக்கு எளிதாக நடந்ததே?" என்று சிலர் கேட்கிறார்கள். 2022 அக்டோபரில் அது செய்தியானபோது தமிழக அரசு விசாரணைக் குழு அமைத்தது. ஒப்பந்தம் 2021 நவம்பரில், அதாவது சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே செய்யப்பட்டது என்றும், தம்பதியர் விதியை மீறவில்லை என்றும் குழு அறிவித்தது. இன்று தொடங்குவோர் யாராக இருந்தாலும் புதிய சட்டத்தின் வழியேதான் செல்ல வேண்டும்.

சுமப்பவரை மறவாதீர்கள்

பெரும்பாலும் அக்கா, தங்கை, நாத்தனார், ஓரகத்தி என நெருங்கிய உறவினரே முன்வருகிறார்கள். "நம் வீட்டுப் பெண்தானே" என்று அவரை நெருக்கக் கூடாது. இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தப்போக்கு, அறுவைப் பிரசவம் என்று கர்ப்பத்தின் எல்லா ஆபத்துகளையும் அவர்தான் தாங்குகிறார். கரு வைக்கப்படும் வரை தம் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் கருக்கலைப்புச் செய்ய முடியாது. அவரோடு தனியாகப் பேசிய பிறகே நாங்கள் மேற்கொண்டு செல்வோம்.

பிறந்த குழந்தை சட்டப்படி தம்பதியரின் சொந்தக் குழந்தை. எக்குறையோடு பிறந்தாலும் அதைக் கைவிடக் கூடாது. வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு மற்றொரு செய்தி: தம் கருமுட்டையால் இம்முறையில் குழந்தை பெறும் தாய்க்கு, குழந்தை கையில் கிடைத்த நாள் முதல் 12 வாரம் ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழங்கியுள்ளது.

தொடக்கத்தில் கூறிய தம்பதியர் நகையை அடகு வைக்கவில்லை. அந்தப் பெண்ணின் அக்கா உதவ விரும்பினார்; ஆனால் அவருக்கு 37 வயது. இரண்டு குழந்தைகளுக்குத் தாயான 29 வயதுத் தங்கை இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறார். அவர் மறுத்தால் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்றும் இருவரும் பேசிவைத்திருக்கிறார்கள். சென்ற முறை வந்தபோது அந்தப் பெண்தான் முதலில் பேசினார்: "தங்கச்சி வேண்டாம்னு சொன்னாலும் அவ மேல எனக்குக் கோபம் வராது, டாக்டர்."