ஒரே மாத்திரை இரண்டு பெயரில்! சுகர் மருந்துச் சீட்டைக் கவனியுங்கள்



மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் பகுதிக் குழுக்களுக்குப் போகும்போது, சுகர் உள்ள உறுப்பினர்களிடம் "என்ன மாத்திரைம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்போம். "காலையில வெள்ளை ஒண்ணு, ராத்திரி பெரிசு ஒண்ணு" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கம்பெனி மாறினால் நிறமும் மாறிவிடும். பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

ஓ.பி. சீட்டுகளில் அதிகம் வருவது இரண்டு மருந்துகள். ஒன்று மெட்பார்மின். டாக்டர்கள் வழக்கமாக முதலில் எழுதுவது இதுதான். இதை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு சுகர் ஒரேயடியாக இறங்குவது அபூர்வம். அதில் கட்டுப்படாவிட்டால் பலருக்கும் கிளிமிபிரைடு சேர்ப்பார்கள். இது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது. விலை குறைந்த, நல்ல மருந்துதான். ஆனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் டீயோடு நாலு வீட்டு வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு ஆபத்து.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ராயப்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி அனுப்பும் மாத்திரை. அட்டையில் மருந்தின் சொந்தப் பெயரே இருக்கும். தனியார் டாக்டரோ இரண்டு மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரையைக் கம்பெனிப் பெயரில் எழுதுவார். கிளைகோமெட் என்றால் மெட்பார்மின் மட்டும். கிளைகோமெட் ஜிபி என்றால் அதோடு கிளிமிபிரைடும் உண்டு. அரசு மாத்திரையும் வீட்டில் இருக்க, லீவு நாளில் தெருமுனை கிளினிக்கில் எழுதியதையும் சேர்த்துச் சாப்பிட்டால் என்ன ஆகும்? ஒரே மருந்து இரட்டிப்பாகிவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. நல்ல உதவி. அவர்களிடமும் மற்ற அட்டைகளைக் காட்டுங்கள்.

கை நடுக்கம், குப்பென்று வியர்வை, பசி, படபடப்பு, பேச்சுக் குழறல் இருந்தால் சுகர் இறங்கியிருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, பிறகு சாப்பிட வேண்டும். கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்குத் தெளிந்த பிறகு மறுபடியும் இறங்கலாம். அதனால் தனியாக விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாபாகிளிப்ளோசின் என்ற மருந்தும் இப்போது சீட்டுகளில் வருகிறது. 2020-ல் காப்புரிமை முடிந்த பின் பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலை இறங்கிவிட்டது. இது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். அதனால் சில பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பு வரும். வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சரிசெய்ய மருந்து உண்டு.

எதையும் நாமாக நிறுத்த வேண்டாம். வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு அடுத்த ஓ.பி.க்கு எடுத்துப் போங்கள். "இதுல ஒரே மருந்து ரெண்டு தடவை வருதா சார்? காலையில சாப்பிடாம வேலைக்குப் போறேன், எப்ப போடணும்?" என்று கேளுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் சகோதரிகள் பகுதிக் கூட்டத்திற்குப் பையைக் கொண்டு வந்தால், பெயர்களை நாங்கள் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறோம்.