நிறம் மாறினால் நோயா? கடல் வண்ணமீன் வளர்ப்போர் கவனத்துக்கு

பருத்தி இலை சிவந்தால் கரிசல் காட்டு விவசாயி உடனே மருந்து டப்பாவைத் தூக்க மாட்டார். தத்துப்பூச்சியா, மக்னீசியம் பற்றாக்குறையா, வயதான இலையா என்று செடியைப் புரட்டிப் பார்ப்பார். கடல் வண்ணமீன் வளர்ப்பிலும் அதே நிதானம் தேவை. நலமாக உள்ள மீனுக்கு மருந்து ஊற்றினால் நல்ல மீன் சாகும். நோயை 'நிற மாற்றம்தான்' என்று விட்டுவிட்டால் இரண்டே நாளில் தொட்டி காலியாகும்.

பாளையம்பட்டியில் இருந்துகொண்டு கடல் மீனா என்று கேட்கலாம். கடல் உப்புக் கலவையைக் கரைத்து உள்ளூரிலேயே தொட்டி வைக்க முடியும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம், கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியுள்ளது. பொரிப்பகக் குஞ்சு தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது என்பதால் புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றது.

எது இயல்பு?

கோமாளி மீன் குஞ்சு பொரிக்கும்போது வெள்ளைப் பட்டை இருக்காது. சுமார் இரண்டு வாரத்தில் தலைப் பட்டை தோன்றும். அடுத்து உடல் பட்டையும், கடைசியாக வால் அடிப் பட்டையும் வரும். பொரிப்பகக் குஞ்சுகள் சிலவற்றில் பட்டை பாதியில் நின்றுவிடும், அல்லது கோணலாக அமையும். இது வளர்ப்புக் குறைபாடு. நோய் அல்ல, மற்ற மீனுக்குத் தொற்றாது.

கடல் தாமரையுடன் புதிதாகச் சேரும் கோமாளி மீனின் உடலில் கரும்புள்ளிகள் தோன்றுவதுண்டு. மீன் நன்றாகத் தின்று நீந்தினால் பயப்பட வேண்டாம். பழகியபின் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இரவில் பல மீன்கள் வெளுத்துப்போகும். விளக்கைப் போட்டதும் பார்த்துவிட்டுப் பதற வேண்டாம். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். பேரரசத் தேவதை மீன் குஞ்சில் கருநீலத்தில் வெள்ளை வளையங்களோடு இருக்கும். வளர்ந்தபின் மஞ்சள் கோடுகளாக மாறும். இரண்டும் ஒரே மீன்தான்.

ஆரஞ்சு நிறம் வாரக்கணக்கில் மெல்ல மங்கினால் தீவனத்தைச் சந்தேகியுங்கள். மஞ்சள் சோளம் தின்னும் கோழியின் கரு நன்றாக மஞ்சளிப்பது போல, மீனின் சிவப்பும் ஆரஞ்சும் தீவனத்தில் இருந்தே வருகின்றன. குருணைத் தீவனம் ஒன்றை மட்டும் போடாமல் ஆர்ட்டீமியா, நறுக்கிய இறால் ஆகியவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

எது நோய்?

உப்பைத் தூவியது போன்ற வெண்புள்ளிகள்: ஒட்டுண்ணி நோய். சில நாளில் புள்ளிகள் மறையும். குணமாகிவிட்டது என்று ஏமாறாதீர்கள். ஒட்டுண்ணி மீனை விட்டிறங்கித் தொட்டியின் அடியில் பெருகுகிறது. அடுத்த சுற்றில் பல மடங்காக ஏறும்.

பொன்தூள் படிந்தது போன்ற மெல்லிய பூச்சு, வேகமான மூச்சு, மேல்மட்டத்தில் தொங்குவது: இது வெல்வெட் நோய். செவுளைத் தாக்குவதால், உடலில் பூச்சு தெரியும் முன்பே மீன் சாகலாம்.

கோமாளி மீனின் உடலில் கெட்டியான வழவழப்பு, தோல் உரிவது போன்ற வெண்படலம்: புரூக்லினெல்லா. ஓரிரு நாளில் கொல்லும். ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

துடுப்பில் காலிபிளவர் போன்ற வெள்ளைக் கட்டி: வைரஸ் நோயான லிம்போசிஸ்டிஸ். இதற்கு மருந்து கிடையாது. தண்ணீரையும் தீவனத்தையும் சரிசெய்தால் பெரும்பாலும் தானே உதிரும்.

ரத்தப் புள்ளி, புண், அரித்த துடுப்பு: பாக்டீரியா தாக்குதலாக இருக்கலாம்.

பிரித்தறிய ஐந்து கேள்விகள்

மீன் தீவனத்துக்கு ஓடி வருகிறதா? செவுள் துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா? மீன் நலமாக இருக்கும்போதே ஒரு நிமிடத் துடிப்பை எண்ணி நோட்டில் குறித்து வைத்தால்தான் இது தெரியும். கல்லிலோ மணலிலோ உடலைத் தேய்க்கிறதா? புள்ளிகள் தட்டையாக உள்ளனவா, தோலுக்கு மேல் தூக்கி நிற்கின்றனவா? நேற்றைவிட இன்று பரவியிருக்கிறதா, அடுத்த மீனிலும் தெரிகிறதா?

நிறம் மட்டும் மாறி மற்ற எல்லாம் சரியாக இருந்தால், தினமும் ஒரே நேரத்தில் புகைப்படம் எடுத்துக் காத்திருங்கள். நிறத்தோடு மூச்சோ தீனியோ மாறினால் அன்றே செயல்படுங்கள்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

நம் வட்டார வெயிலில் தொட்டி நீர் வேகமாக ஆவியாகும். நீர்தான் போகும், உப்பு தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். உவர்ப்பான போர்வெல் தண்ணீர் கடல் நீருக்கு மாற்றல்ல. லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் உப்பு, 26 முதல் 28 டிகிரி வெப்பம், கார அமில நிலை 8 முதல் 8.4 என்று வைத்திருங்கள். அமோனியா பூஜ்யமாக இருக்க வேண்டும். அமோனியா ஏறினாலும் மீன் நோயாளி போலவே மூச்சு வாங்கும்.

நோய் என்று தெரிந்தால்

மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். வெண்புள்ளி நோய்க்கு மருந்தில்லாத வழி ஒன்று உண்டு. மூன்று நாளுக்கு ஒரு முறை, கழுவிக் காயவைத்த வேறு தொட்டிக்குப் புதுக் கடல்நீரில் மீனை மாற்ற வேண்டும். இப்படி நான்கு முறை. ஒட்டுண்ணி பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். பெரிய தொட்டியை ஆறு வாரத்துக்குக் குறையாமல் மீனின்றி விடுங்கள். பத்து வாரம் விட்டால் இன்னும் நல்லது.

வெல்வெட், புரூக்லினெல்லா நோய்களுக்கு 3 முதல் 5 நிமிட நன்னீர்க் குளியல் தற்காலிக ஆறுதல் தரும். குளோரின் இல்லாத, அதே வெப்பமும் கார அமில நிலையும் உள்ள நீராக இருக்க வேண்டும். இதோடு நோய் தீராது என்பதால் உடனே நிபுணரை அணுகுங்கள். காப்பர் மருந்தைக் கடல் தாமரை, இறால், பவளம் உள்ள தொட்டியில் ஊற்றவே கூடாது, அவை செத்துவிடும். தனித் தொட்டியிலும் பரிசோதனைக் கிட் இல்லாமல் ஊற்றாதீர்கள்.

புதிதாக வாங்கும் ஒவ்வொரு மீனையும் நான்கு வாரம் தனியே வைத்த பிறகே மற்ற மீன்களோடு சேருங்கள்.

ஆலோசனைக்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியையோ மண்டபம் மையத்தையோ அணுகலாம். செத்த மீனைக் கொண்டுபோனால் பயன் குறைவு. நிறம் வெளுத்து, ஒட்டுண்ணியும் விலகியிருக்கும். உயிருள்ள நோயுற்ற மீன், தொட்டி நீர் ஒரு பாட்டில், நாள்வாரிப் படங்கள் ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.